மவுண்டன் மெயில் ஏன் பேனரில் இல்லை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் நான் நடத்தும் பிளெக்ஸ் பேனர் கடையின் பின்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான்கு பேர் ஒரு வீடியோ கேம் கம்பெனியைப் பற்றி வாய்ச்சண்டை போட்டார்கள். நால்வரில் ஒருவன் நான். சண்டையில் ஜெயித்தவனும் நான்தான். அன்றிலிருந்து தூக்கமே இல்லை என்று எழுதலாம், ஆனால் நன்றாகத்தான் தூங்குகிறேன். அதுதான் உறுத்துகிறது.

கம்பெனிக்கு 'ஹொகுரா' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஜப்பான் கம்பெனி. இப்படி ஒன்று உலகத்தில் இல்லை, தேடாதீர்கள். அதன் விளையாட்டுகளும் நான் கட்டிவிட்டவைதான். உண்மைப் பெயரைப் போட்டால் நீங்கள் உடனே கட்சி கட்டிக்கொண்டு கதையை விட்டுவிடுவீர்கள்.

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன்.

"கல்வராயன் மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் மாதன்..."

(அடித்துவிட்டேன். மாதன் அந்த மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்காரன். அவன் பனியைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. அவன் பேசுவதெல்லாம் மரவள்ளிக் கிழங்குக்கு ஜவ்வரிசி ஆலையில் எத்தனை பாயிண்டு மாவுச்சத்து என்று போட்டு விலை வைத்தார்கள் என்பதைத்தான்.)

"பகலவன் நல்லவன்."

(பகலவன் நான். இதை அடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.)

"அந்தக் கல்யாண பேனரில் மூன்று நண்பர்களுக்குத்தான் இடம் இருந்தது."

(நல்ல வரி. பொய்யான வரியும்கூட. ஆனால் இதைச் சொல்லித்தான் சண்டையை நான் ஆரம்பித்துவைத்தேன். அதனால் இருக்கட்டும்.)

2

நாங்கள் ஐந்து பேர். வீரமணிக்கு தியாகதுருகம் பக்கம் கரும்புக் காடு இருக்கிறது. கேம் மெஷினை வாங்கி என் கடையில் வைத்தவன் அவன்தான். வாங்கிய பாவத்துக்கு எல்லா விளையாட்டிலும் தோற்பான். கல்யாணம் அவனுக்குத்தான்.

மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு ஹொகுரா விளையாட்டு. சுபாஷுக்கு 'ரோட் தண்டர்', கார் பந்தயம். அய்யப்பனுக்கு 'ஸ்டார்ம் ப்ளேடு', வாள் சண்டை. எனக்கு 'கோல் ஃபீவர்', கால்பந்து. மாதனுக்கு 'மவுண்டன் மெயில்'. அதில் ஒரு தபால்காரன் பையைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக நடப்பான். யாரையும் சுட முடியாது, வெட்ட முடியாது. தடுக்கி விழுந்தால் கடிதங்கள் நனைந்துவிடும், அவ்வளவுதான் ஆபத்து. மூன்று பாகம் வந்து நின்றுபோனது.

மாதன் ஞாயிறுதோறும் சின்னசேலம் பக்கத்து ஆலையில் கிழங்கு லோடை இறக்கிவிட்டு, இரண்டு மணிக்கு என் கடைக்கு வந்துவிடுவான். ஆறு வருடப் பழக்கம் இது.

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் மண்டப வாசலில் நண்பர்கள் பேனர் நிற்க வேண்டும். தாலி கட்ட ஐயர் வர நேரமானாலும் பொறுத்துக்கொள்வார்கள், பேனர் வர நேரமானால் மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிடும்.* வீரமணி பேனருக்கு நான் போட்ட திட்டம் இது: நடுவில் பெரிதாக மணமக்கள், கீழே மூன்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஹொகுரா விளையாட்டு, பக்கத்தில் அந்த விளையாட்டுக்குரிய நண்பனின் முகம். நான்கு விளையாட்டில் கம்பெனியின் அடையாளம் எந்த மூன்று? அது முடிவானால் பேனர் முடிந்தது. விளையாட்டு போனால் கூடவே முகமும் போய்விடும்.

* பேனரில் முகம் இல்லாதவனை மண்டபத்தில் நான்கு பேராவது "ஏம்பா, உனுக்கும் மாப்ளைக்கும் எதனா பிரச்சனையா?" என்று கேட்பார்கள். நானே கேட்டிருக்கிறேன்.

3

சண்டையை நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

"ரோட் தண்டர் இல்லாம ஹொகுராவாடா?" என்றான் சுபாஷ். "பஸ் ஸ்டாண்டுல எவனையாவது நிறுத்திக் கேளு. அது ஒண்ணுதான் தெரியும்."

"தெரிஞ்சா போதுமா? ஸ்டார்ம் ப்ளேடு பன்னெண்டு பார்ட்டு வந்துகீது. கம்பெனி படுத்தப்பல்லாம் இதான் தூக்கி வுட்டுச்சு," என்றான் அய்யப்பன்.

மாதன் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தான். அவன் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பேசுவது அபூர்வம்.

"இன்னாடா, எது ஜாஸ்தி வித்துச்சுன்னே பேசிக்கினு கீறீங்க. கார் ரேஸ் எந்தக் கம்பெனில இல்ல? கத்திச் சண்டை எதுல இல்ல? தபால் பையத் தூக்கிக்கினு மலை ஏறறத எவன்டா கேமா பண்ணான்? மேட்டுல ஏறச்சொல்ல அவன் மூச்சு வாங்கற சத்தம் மாறும், கவனிச்சிருக்கியா? எறங்கச்சொல்ல வேற சத்தம். மலையில நடந்தவன் எவனோ ஒருத்தன் அந்தக் கம்பெனில ஒக்காந்துகினு பண்ணிகீறான். மத்ததெல்லாம் எல்லாரும் பண்றது. இது அவன் மட்டும் பண்ணது. அப்ப அவன் யாருன்னு காட்டறது எது?"

இப்போது கட்டுரை மாதிரி ஒரு பத்தி எழுத வேண்டும். ஒரு கம்பெனிக்கு அடையாளம் என்று எதைச் சொல்வது? சோறு போட்டதையா, ஊருக்குத் தெரிந்ததையா, அல்லது அதைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாததையா? யோசித்தால் மூன்றாவதுதான் சரியான விடை. அன்றைக்கே எனக்கு அது தெரிந்துவிட்டது. மாதன் பேசி முடித்ததும் சுபாஷ் தலையாட்ட ஆரம்பித்துவிட்டான். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் கோல் ஃபீவரைத் தூக்கிவிட்டு மவுண்டன் மெயிலைப் போடச் சொல்லியிருப்பான்.

நான் சொன்னேன்: "டேய், அடையாளம்னா பாத்த ஒடனே தெரியணும். கல்யாணத்துக்கு வர்றவன் நின்னு யோசிப்பானா? உன்னுதப் பாத்தா தபால் ஆபீஸ் விளம்பரம்னு நெனைச்சுக்கினு போய்டுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். மாதன்தான் சத்தமாகச் சிரித்தான்.

"சரி வுடு. என்னுது வாணாம்," என்று ரிமோட்டை எடுத்துக்கொண்டான்.

4

(இந்தப் பகுதி நான் எழுதிய முதல் இரண்டு படிகளில் கிடையாது. சேர்க்காமல் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.)

அந்தச் சண்டைக்கு மூன்று நாள் முன்பு வீரமணி போன் செய்தான்.

"மச்சான், பேனர்ல மாதன் படம் வாணாம்டா. மாமா ஒரு மாதிரி பேசறாரு. பொண்ணு வூட்டுக்காரங்க பாத்தா மலைக்காரன் இன்னாத்துக்கு இதுலன்னு கேப்பாங்களாம். எனுக்கு ஒண்ணும் இல்ல. நீயே பாத்து நோவாம பண்ணிடேன்."

நான் "சரிடா" என்றேன். 'ஏன்' என்று கேட்டேன் என எழுதிப் பார்த்தேன். கேட்கவில்லை. நான் அப்போது...

(முடிக்க முடியவில்லை. சாக்குதான் வருகிறது.)

வீரமணி விவாதம் நடத்தச் சொல்லவில்லை. மூன்று கட்டமும் கம்பெனியின் அடையாளமும் என் கற்பனை. சுபாஷுக்கும் அய்யப்பனுக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு உண்மையாகச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். ஒரு நண்பனை யாரும் வெளியே தள்ளாமல் அவனாகவே எழுந்து போகும்படி ஒரு கதை கட்டினேன். என் முதல் கதை அதுதான். நன்றாக வந்தது. இப்போது நீங்கள் படிப்பது இரண்டாவது.

5

எனக்கு இந்த மாதன் என்ற பாத்திரத்தின் மேல் சந்தேகம்.

முதல் படியில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதினேன். விளையாட்டைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நம்பிய வெள்ளந்தி. மலையாள் என்றால் வெள்ளந்தி என்று எழுதிவிடுவது எங்களுக்குக் கைவந்த கலை. வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன். இரண்டாவது படியில் அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது. புன்னகையோடு என்னை மன்னித்தான். இதுவும் எனக்கு வசதியான மாதன்தான். என்னை மன்னிப்பதற்கென்றே சம்பளத்துக்கு வைத்த ஆள் போல இருந்தான்.

நிஜ மாதன் ஆலைத் தராசின் முள் அரைக்கோடு நகர்ந்தாலும் கண்டுபிடிப்பான். அவனுக்குப் புரிந்ததா என்பதை நான் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கல்யாணத்தன்று நடந்ததை எழுதினால் போதும்.

6

மாதன் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டான். புதுச் சட்டை. பந்தியில் இலை போட்டான், சாம்பார் வாளி தூக்கினான். கூட்டம் குறைந்த நேரத்தில் வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றான். எதிரே இரண்டு பேனர்கள். ஒன்று எங்களுடையது. மற்றது வீரமணியின் மாமா வகையறா வைத்தது.

"நம்மளுது எத்தினி அடிடா?"

"பத்துக்கு எட்டு."

"அது?"

"அதுவும் பத்துக்கு எட்டுதான்."

அவன் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தான். நான் தடுக்கவில்லை.

"அதுல முப்பத்தாறு தல கீது."

"அது வேற டிசைன்டா."

"நீதான போட்ட?"

"நான்தான்."

"நல்லா போட்டுகீற. ஒருத்தன் மூஞ்சிகூட மறையல," என்றான். உள்ளே யாரோ ரசம் கேட்டுக் கத்தினார்கள். போய்விட்டான்.

7

இதற்குப் பிறகு கதைக்கு முடிவு வேண்டும். அவன் அப்புறம் கடைப் பக்கமே வரவில்லை என்று முடிக்கலாம். எனக்குத் தண்டனை கிடைத்ததாக இருக்கும். நான் மலைக்குப் பேருந்து ஏறிப் போய் அவன் வீட்டு வாசலில் நின்று அழுதேன் என்று முடிக்கலாம். எனக்குப் பெருமையாக இருக்கும்.

நடந்தது இரண்டும் இல்லை. அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு வழக்கம்போல வந்தான். உட்கார்ந்தான். நான் மவுண்டன் மெயிலைப் போடப் போனேன்.

"அது வாணாம். கோல் ஃபீவர் போடு. எல்லாருக்கும் தெரிஞ்சது அதான," என்றான்.

ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் வருகிறான், சிரிக்கிறான், விளையாடுகிறான். அந்தத் தபால்காரனை ஒருமுறைகூடத் தொடவில்லை. நானும் ஏழு மாதமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேய் மாதா, தப்பு பண்ணிட்டேன்டா என்பதைச் சொல்ல எனக்கு ஏழு பகுதிகளும் இத்தனை அடித்தல் திருத்தல்களும் தேவைப்பட்டிருக்கின்றன.

இதை வரும் ஞாயிறு அவன் கையில் கொடுக்கப் போகிறேன். வீரமணி படித்தால் என்னோடு பேச மாட்டான். அது அவன் பாடு.

வாசகரே, முடிவை உங்களிடம் ஒப்படைப்பதாகத்தான் நினைத்திருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அதுதான் மரியாதை. ஆனால் மன்னித்துக்கொள்ளுங்கள், அதை உங்களுக்குத் தர முடியாது. கடைசிப் பகுதி மாதனுக்கு. அவன் என்ன எழுதினாலும், என்னைக் காறித் துப்பினாலும், ஒரு எழுத்துகூட மாற்றாமல் அச்சாகும். அவன் எழுதாவிட்டால் கீழே வெறுமையாக இருக்கும். அதில் நான் எதையும் போட்டு நிரப்ப மாட்டேன்.

8

மாதன்: