திங்கட்கிழமைக் காய்ச்சல்

மகேந்திரராஜாவுக்குத் திங்கட்கிழமைகளில் மட்டும் காய்ச்சல் வரும். செவ்வாய் விடிந்தால் இறங்கிவிடும். 2006ஆம் ஆண்டு ஜூலைக்குள் இப்படி ஒன்பது தடவை வந்து போய்விட்டது. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் இது தெரியாதவர்கள் யாருமில்லை. காய்ச்சல்காரர் படுத்திருக்க வேண்டிய அறையிலிருந்து கம்பியூட்டர் மவுஸ் அடிபடும் சத்தம் பக்கத்து வீட்டுச் செல்வராணிக்குச் சுவர் வழியாகக் கேட்கும். அவர் ஈப்போவில் பிறந்து, இங்கே முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ச்சல் எது, கள்ளம் எது என்று அவருக்குத் தெரியாதா?

ஜூலை நடுவில் வந்த திங்கட்கிழமையும் ஆறு மணிக்கு எழுந்து, பல் விளக்காமல், தண்ணீர் குடிக்காமல், பரமட்டாவிலுள்ள தன் அலுவலகத்துக்குப் போன் செய்து தகவல் விட்டார் மகேந்திரராஜா. தொண்டை நனைவதற்கு முன் பேசினால்தான் குரல் கரகரக்கும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஆறரைக்குக் கம்பியூட்டரின் முன் உட்கார்ந்துவிட்டார். அமெரிக்காவில் அது ஞாயிறு பின்னேரம். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அவரவர் வீட்டிலிருந்தபடி ஒரே நேரத்தில் போக்கர் ஆடும் பெரிய போட்டி அப்போதுதான் தொடங்கும்.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு வித்தை. நல்ல சீட்டு வந்தால் வராதவர்போல் இருப்பார். போன வெள்ளிக்கிழமைகூடக் கோயில் சாப்பாட்டுக் கூடத்தில், கையில் தோசைத் தட்டோடு நின்ற நண்பர் சிறிக்கு அதை வகுப்பே எடுத்தார்.

“நல்ல கை வந்த உடன காசைத் தூக்கிப் போட்டா மற்றவன் ஓடிடுவான். காசு போடாம ‘செக்’ எண்டு தட்டிப்போட்டு, ஒண்டுமில்லாதவன் மாதிரி இருக்க வேணும். அவன் தன்ர பாட்டில வந்து விழுவான். இதுக்குப் பேர்தான் ஸ்லோ பிளே.”

“அப்ப எப்பவும் அப்பிடி இருக்கலாமே?”

“ஏலாது. ஒருத்தன் மட்டும் எதிர நிண்டு, அவனும் அவசரக்காரன் எண்டா, பொறுக்கலாம். நாலு பேர் நிண்டாப் பொறுக்கக் கூடாது. நீர் சும்மா இருந்தா அடுத்த சீட்டு அவங்களுக்கு ஓசியில விழும். அந்த ஓசிச் சீட்டுத்தான் ஆளைக் கவிழ்க்கும்.”

“இவ்வளவு தெரிஞ்ச நீர் ஏனப்பா இன்னும் அந்தப் பழைய கொரோலாக் காரை ஓடுறீர்?” என்று கேட்டுவிட்டுச் சிறி இரண்டாவது தோசைக்குப் போனார்.

வித்தை வீட்டுக்குள்ளும் நடந்தது. வென்றாலும் தோற்றாலும் முகத்தில் ஒன்றும் இராது. “என்ன, ஒரு மாதிரி இருக்கிறீங்கள்?” என்று மனைவி கல்யாணி கேட்டால், “ஒண்டுமில்லை” என்பார். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. மனிதர் தானாகச் சொல்லட்டும் என்று அவள் ஒரு வருடமாகக் காத்திருந்தாள். மகள் கன்பராவில் படித்துக்கொண்டிருந்ததால், வீட்டில் இரண்டு பேரும் இரண்டு அறைகளில் அவரவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள்.

கல்யாணியிடம் இருந்த சீட்டு சின்னதல்ல. சித்திரைப் புதுவருடம் கழிந்த வாரம், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. எங்கள் ஆட்கள் அந்த நோயின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். ‘அந்த வருத்தம்’ என்று குரலைத் தாழ்த்துவார்கள். நாளைக்கு மகளுக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள், தாய்க்கு இருந்ததாமே என்று இழுப்பார்கள் என்ற பயம் வேறு. ஆகவே அவள் வாயைத் திறக்கவில்லை. ஜூன் கடைசியில்தான் செல்வராணியிடம் அழுதாள். செல்வராணி அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிப் போனார். ஸ்கான் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதையும் எடுத்தார்கள். முடிவு இந்தத் திங்கட்கிழமை, காலை பத்தரைக்கு.

போன வாரம் அவள் கணவனிடம் சொல்லத்தான் செய்தாள். சொன்ன விதம் இப்படி.

“திங்கட்கிழமை ஹொஸ்பிற்றல்ல ஒரு அப்பொயின்ற்மென்ற் இருக்கு. வாறீங்களே?”

“என்ன, சும்மா செக்கப்போ?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “ஓம். சும்மாதான்.”

மருத்துவமனைக் கடிதத்தைப் பிரிட்ஜ் கதவில், கோயில் கலண்டருக்குப் பக்கத்தில், காந்தத்தால் ஒட்டியும் வைத்தாள். பால் எடுக்கத் தினமும் நாலு தடவை அந்தக் கதவைத் திறக்கிறவர் ஒரு தடவையாவது வாசிக்கமாட்டாரா என்ற நினைப்பு.

திங்கட்கிழமை ஒன்பது ஐம்பதுக்குப் போட்டியில் நாற்பத்தொரு பேர் மிஞ்சியிருந்தார்கள். மகேந்திரராஜாவின் வலது கால் மேசைக்குக் கீழே தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஆடியது. தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அவருக்கு இரண்டு ஆஸ் வந்தன. அதைவிட நல்ல கை அந்த ஆட்டத்தில் கிடையாது.

கல்யாணி கைப்பையோடு கதவடியில் வந்து நின்றாள்.

“இஞ்சேருங்கோ, பத்து மணியாகுது.”

“ரெண்டு நிமிஷம். இப்ப எழும்பேலாது.”

“கார் நிப்பாட்ட இடம் தேட வேணும்.”

“கல்யாணி, நீர் இப்ப கதையாதையும்.”

அவர் மெதுவாக ஆடினார். தொகையை ஏற்றவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னும் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். நாலு பேர் நின்றால் பொறுக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமை தோசைக்கு நடுவில் சொன்ன அதே வாய் இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. மேசையில் மூன்று பொதுச் சீட்டுகள் விரிந்தன. ஒன்று ஆஸ், மற்ற இரண்டும் சிவப்பு ஹார்ட்ஸ். கையில் இருந்ததோடு சேர்த்து மூன்று ஆஸ். ‘செக்’ என்று தட்டினார்.

“அப்ப நான் செல்வராணி அக்காவோட போறன்.”

“ஓம் ஓம். போட்டு வாரும்.”

அவள் உடனே போகவில்லை. அவர் திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு முன்கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது.

மற்ற மூன்று பேரும் ‘செக்’ என்றே தட்டினார்கள். அடுத்த சீட்டு எல்லாருக்கும் ஓசியில் விழுந்தது. அது இன்னொரு ஹார்ட்ஸ். அமெரிக்காவின் ஏதோ ஒரு மூலையிலிருந்தவன் தொகையை ஏற்றினான். மகேந்திரராஜா தன்னிடமிருந்த எல்லாவற்றையும் தள்ளினார். அவன் கையில் இரண்டு ஹார்ட்ஸ் இருந்தன. மேசையிலுள்ள மூன்றையும் சேர்த்தால் ஐந்து; ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் மூன்று ஆஸ் தோற்கும். கடைசிச் சீட்டும் மகேந்திரராஜாவைக் காப்பாற்றவில்லை. நன்றி, மீண்டும் வருக என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

பத்து பதினைந்து. வீடு வெறிச்சென்று கிடந்தது. அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து குசினிக்குப் போனார். பால் எடுக்கப் போன கை பிரிட்ஜ் கதவில் நின்றுவிட்டது. கடிதத்தில் கல்யாணியின் பெயர். கீழே மார்பு நோய்ப் பிரிவு. பயாப்சி முடிவு. உங்கள் கணவரையோ நெருங்கிய ஒருவரையோ உடன் அழைத்து வரவும்.

அவர் வீட்டுச் செருப்போடு ஓடியதை மூன்று மாடியும் பார்த்தது.

மருத்துவமனையைச் சுற்றிச் சுற்றிக் காரை நிறுத்திவிட்டு உள்ளே போகப் பதினொன்றேகால் ஆகிவிட்டது. இரண்டாம் மாடி நடைபாதையில் நீலக் கதிரைகளில் கல்யாணியும் செல்வராணியும் இருந்தார்கள். டாக்டரைப் பார்த்து முடித்திருந்தார்கள். செல்வராணி அவருடைய செருப்பைப் பார்த்தார்.

“ஆட்டம் முடிஞ்சிருச்சா தம்பி?”

மகேந்திரராஜா மனைவியின் முன் நின்றார். “என்ன சொன்னவை?”

“அதுதான். அந்த வருத்தம்தான்.” கல்யாணி நேராகவே சொன்னாள். “அடுத்த கிழமை ஒப்பரேசன். பிறகும் கொஞ்ச நாள் மருந்து எடுக்க வேணுமாம். சுகப்படுத்தலாம் எண்டு டாக்டர் சொல்லுறா. ஆனா ஏப்ரலிலயே வந்திருந்தா இன்னும் சின்னதா இருந்திருக்கும், ஏன் ரெண்டு மாசம் பிந்தினனீங்கள் எண்டு கேட்டா. நான் என்னத்தைச் சொல்லுறது?”

அவர் பக்கத்துக் கதிரையில் விழுந்தார். செல்வராணியிடம் திரும்பினார்.

“அக்கா, உங்களுக்கு எப்ப தெரியும்?”

“மூணு வாரமா.”

“வேற ஆருக்குத் தெரியும்?”

செல்வராணி கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். கோயிலில் பழக்கமான தனலெட்சுமிக்கு மட்டும், சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லியிருந்தார். தனலெட்சுமி அர்ச்சனை வரிசையில் நின்றபோது வேறு இரண்டு பேருக்குச் சொல்லியிருந்தார். இதை எழுதும் எனக்கும் வந்து சேர்ந்திருக்கிறதென்றால் வரிசை எவ்வளவு நீளம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

“எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை.”

“நீங்க சீட்டாடுறதும் எல்லாருக்கும் தெரியும் தம்பி. அதையும் உங்ககிட்ட யாரும் சொல்லலைதானே? இந்த வாய்க்கு இல்லாததெல்லாம் சொல்லத் தெரியும். சொல்ல வேண்டிய எடத்துல மட்டும் மூடிக்கிச்சு. தப்புதான்.”

செல்வராணி தப்பென்று ஒத்துக்கொண்டதை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை.

“என்னிலயும் பிழை இருக்கு,” என்றாள் கல்யாணி. “நீங்களாக் கேப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். கேட்டா அண்டைக்கே சொல்லியிருப்பன். நீங்கள் கேக்கேல்லை. நான் பொறுத்தனான். ஆனா கட்டி பொறுக்கேல்லை.”

மகேந்திரராஜா செருப்பைப் பார்த்தபடி, “ஓசிச் சீட்டு,” என்று முணுமுணுத்தார். பிறகு அவர் வாயிலிருந்து பத்து வருடத்துக்குப் போதுமான பேச்சு வந்தது. இன்றையதோடு பத்துக் காய்ச்சலும் பொய் என்றார். நிறுத்த நினைத்து நிறுத்த முடியாமல் போன நாட்களைச் சொன்னார். நடைபாதையில் போன ஒரு தாதி நின்று காகிதக் கைக்குட்டைப் பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். கல்யாணி கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்காக அழவுமில்லை, சரி என்று சொல்லவுமில்லை.

“கம்பியூட்டரை இண்டைக்கே தூக்கி எறிவன்,” என்று முடித்தார்.

“எறியாதேங்கோ. மகளோட கதைக்கிறதுக்கு அதுதான் இருக்கு. இந்தச் சீட்டாட்டத்தை விடுறதுக்கு உதவி செய்யிற ஆக்களிட்ட போன்ல கதையுங்கோ. அதை எனக்கு முன்னால கதையுங்கோ.”

அடுத்த திங்கட்கிழமை அவர் பல் விளக்கி, தேநீர் குடித்து, எட்டரை மணிக்கு அலுவலகத்துக்குப் போன் செய்தார். மனைவிக்கு மார்புப் புற்றுநோய், இன்று அறுவைச் சிகிச்சை, கூட இருக்க வேண்டும் என்றார். பழைய திங்கட்கிழமைகளைப் பற்றியும் நேரில் வந்து பேச வேண்டும் என்றார். மறுமுனையில் சூப்பர்வைசர் பதறிவிட்டாள். திங்கட்கிழமையில் அவருடைய குரல் இவ்வளவு தெளிவாக இருந்ததேயில்லையாம்.

வாசலில் கல்யாணி பையோடு நின்றாள். இந்தத் தடவை அவர் காலில் சப்பாத்து இருந்தது. நோயின் பெயரை அவர் முழுதாகச் சொன்னதை அவளும் கேட்டாள். சுவருக்கு அப்பால் செல்வராணியும் கேட்டார்.

“இனி ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும்,” என்றார் அவர்.

“தெரியட்டும். ஆருக்காவது கட்டி இருந்தா அவளும் போய்க் காட்டுவாள்.” அவள் கார்த் திறப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். “நல்ல சீட்டை ஒளிச்சு வச்சு விளையாடுறது உங்கட மேசையோட இருக்கட்டும். வீட்டில வருத்தமோ, கெட்ட பழக்கமோ, வந்த அண்டைக்கே வாயைத் திறந்து சொல்ல வேணும். ஒளிச்சு வச்சிருக்கிற ஒவ்வொரு நாளும் அதுக்குத்தான் லாபம். வாங்கோ, நேரமாகுது.”