திறந்திருந்த லிஃப்ட்

"இந்த லிஃப்ட் கதவு ஏன்டி தொறந்திருக்கு?" என்று குண்டூசி கேட்டபோது அவள் தேநீரை வாயருகே கொண்டுபோயிருந்தாள். குடிக்காமல் கீழே வைத்தாள். திரையில் தெரிந்த அந்த லிஃப்டை வரைந்தவள் அவள்தான். குண்டூசியின் வேலை, அவர்கள் செய்யும் வீடியோ விளையாட்டை நாள் முழுக்க ஆடித் தவறு கண்டுபிடிப்பது. எதைக் கொடுத்தாலும் குத்தி ஓட்டை போட்டுவிடுவாள் என்பதால் அந்தப் பெயர்.

அது தொறந்துதானே இருக்கும் என்றாள் அவள். குண்டூசி தலையை ஆட்டினாள். நேற்று வீட்டில் அந்த லிஃப்ட் வரும் அசல் விளையாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஆடிப் பார்த்தாளாம். அந்தக் கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு சண்டை விளையாட்டு. வேறு வேறு விளையாட்டுத் தொடர்களின் நாயகர்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து மோதவிடுவது. ஒவ்வொரு தொடருக்கும் ஒரே ஒரு களம்தான் உண்டு. சண்டைக்காரர்களுக்குப் பின்னால் தெரியும் அந்த ஒரு காட்சியைப் பார்த்ததுமே, தொடர் முழுவதையும் ஆடியவனுக்கு அது முழுவதும் ஞாபகத்துக்கு வர வேண்டும். கார்ப் பந்தயத் தொடருக்குப் பின்னணியில் வண்டிகளைப் பறக்கவிட்டார்கள். விவசாயத் தொடருக்கு, அடி விழ விழ வயல் விளைந்து அறுவடையாகும்படி செய்தார்கள். அவளுக்குக் கிடைத்தது 'மேல்மாடி'. ஆளில்லாத அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டில் நடக்கும் திகில் தொடர். இயற்பியல் படித்தவள், வெளிச்சக் கணக்கு தெரியும் என்று அவளிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். இருட்டில்தான் அந்தத் தொடரின் பயம் இருந்தது. சண்டைக் களத்திலோ இருட்டு கூடாது. இருவரின் கையும் காலும் தெளிவாகத் தெரிய வேண்டும். அதனால் பயத்தைப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். களம் முழுவதும் ஒரே திரையில் அடங்கும். இடப்பக்கம் படிக்கட்டு, நடுவில் மினுக்கும் குழல்விளக்கு, வலக்கோடியில் லிஃப்ட். அதன் கதவு ஒரு கை நுழையும் அளவு திறந்திருந்தது. உள்ளே வெறும் கறுப்பு. பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தொடருக்கு உரியவர்கள் அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் கதவு மூடியிருந்தது அவளுக்குத் தெரியும். திறப்பதற்கு முன்னால் எடுத்தவை என்று நினைத்துக்கொண்டாள். சின்ன வயதில் அண்ணன் ஆட, அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்த விளையாட்டு அது. கதவு திறந்திருந்ததை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். இதில் சரிபார்க்க என்ன இருக்கிறது?

கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் சிரித்தான். "ஏய், அது திருட்டு டிஸ்க். ஒரு டிஸ்க்ல இருபது கேம அடைச்சு வித்தாங்க. எடம் பத்தலன்னு கண்டதையும் வெட்டிருப்பானுங்க. அந்தக் கதவுலயும் ஒரு துண்ட வெட்டிட்டான் போல, அதான் தொறந்த மாதிரி தெரிஞ்சிருக்கு. ஒனக்கு இன்னுமா அந்தப் பயம் போகல?"

யாரோ ஒரு திருடன் கத்தரித்துப் போட்ட ஓட்டையை அந்தத் தொடரின் உயிர் என்று நினைத்து, மாதக்கணக்கில் வெளிச்சம் அடித்திருக்கிறாள். தொடரை உருவாக்கிய அம்மாள் அன்று மதியம் நேரில் பார்க்க வருகிறார். தன் கதையில் யாரும் கை வைப்பது அவருக்குப் பிடிக்காது என்று கேள்வி. அவர் வேண்டாம் என்றால் 'மேல்மாடி' இந்த விளையாட்டில் இருக்காது. அவளும் இருக்க மாட்டாள்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

குழுத் தலைவர் கூட்ட அறையில் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் ஒரு நாற்காலியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். இனி மாற்ற முடியாது, காட்ட வேண்டிய பதிப்பைப் பூட்டியாகிவிட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ பாட்டுக்கு வாயத் தொறக்காம இரும்மா. கண்டுபிடிச்சா பாத்துக்கலாம். அவங்க வேணாம்னுட்டா, மேல போய் உனக்காக நான் என்னன்னு பேசுறது?"

வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை. கல்லூரியில் பதில் தெரிந்த கேள்விக்கும் கை தூக்கியதில்லை. ஆனால் அன்று மதியம், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அந்த அம்மாள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்து, படிக்கட்டின் கைப்பிடியையே வெகுநேரம் பார்த்து, "இந்தத் துரு சரியா இருக்கு" என்று மெதுவாகச் சொன்னபோது, அவளால் தாங்க முடியவில்லை. அவர் பார்வை இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. குழல்விளக்கைத் தாண்டியது.

"மேடம், அந்த லிஃப்ட் தப்பு." குரல் தன்னுடையதுபோல் இல்லை. "உங்க கேம்ல அது தொறக்காது. நான் சின்ன வயசுல பாத்தது திருட்டுக் காப்பி. அதுல தொறந்திருந்துச்சு. நான் சரிபாக்கல."

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். குண்டூசி தன் விரல் நகத்தைப் பார்த்தாள். அந்த அம்மாள் திரும்பவில்லை.

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். கறுப்பா இருந்துச்சு."

"ஏதாவது வெளிய வந்துச்சா?"

"இல்ல. வரும் வரும்னு பாத்துட்டே இருப்பேன். வரவே இல்ல."

அவர் மேசையிலிருந்த இரண்டு கன்ட்ரோலரில் ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, மற்றதை அவள் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க. ஆடிப் பாப்போம்."

ஆட்டம் தொடங்கியது. வலப்பக்கம், லிஃப்ட்டுக்கு முன்னால் நின்றது அவளுடைய ஆள். கட்டை விரல் தானாகவே அவனை லிஃப்டை விட்டு விலக்கி இடப்பக்கம் நடத்தியது. ஒவ்வொரு சோதனையிலும் தான் முதலில் செய்தது இதைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எதிராளியைத் தாண்டிக் குதித்துப் படிக்கட்டின் ஓரத்தில் போய் நின்றான். அவனை அடிக்க அந்த அம்மாள் தன் ஆளைத் திருப்புவார் என்று நினைத்தாள். திருப்பினார். ஆனால் அடிக்கவில்லை. அவனை மெல்லப் பின்னுக்கு, வலப்பக்கமாக நகர்த்தினார். குழல்விளக்குக்கு அடியில் நிறுத்தினார். இன்னும் ஓரடி. பிறகு சட்டென்று முன்னால் ஓடவிட்டு அவளுடைய ஆளுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் நிறுத்திக்கொண்டார்.

தலைவர் இருமினார். யாரும் பொத்தானை அமுக்கவில்லை. பனைமரம்போல் இருந்த இரண்டு சண்டைக்காரர்களும் படிக்கட்டின் மூலையில் நெருக்கியடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. களத்தின் வலது பாதி முழுவதும், அந்தத் திறந்த லிஃப்ட் வரை, காலியாக, நல்ல வெளிச்சத்தில் கிடந்தது.