பவுனம்மாள் கடையின் கடைசிக் கொடுவாத்தலை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வடைகறியிலிருந்து பிறந்தது.

பொன்னேரி ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் ஓட்டல் இருந்தது. அதன் வடைகறிக்காக நான் ரயிலைக் கோட்டைவிட்ட நாட்கள் உண்டு. இப்போது அங்கே செல்போன் கடை. பத்திரிகை நடத்தும் தோழி கஸ்தூரி, "மூடிப்போன ஓட்டலைப் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டதும் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வந்து விழுந்த முதல் வரி இது:

"அந்த வடைகறியின் மணம் இன்றும் என் நினைவில் —"

அடித்துவிட்டேன். கருமாதிப் பத்திரிகை மாதிரி இருந்தது. தவிர, அந்தக் கடையில் சாப்பிட்டவர்கள் பொன்னேரியில் இன்னும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறார்கள். "அதெல்லாம் ஒரு வடைகறியாய்யா?" என்று ஒருத்தர் கிளம்பி வந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அதனால் கதையைப் பழவேற்காட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன். அதுவும் ஒல்லாந்துக்காரன், அதாவது டச்சுக்காரன், கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்துக்கு. அந்தக் காலத்துக் குழம்பை ருசி பார்த்த எவரும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரமுடியாது, பாருங்கள்.

2

தொடக்கம் ஒன்று: "கோட்டை மேல் கொடி பறந்தது. கடலில் கப்பல்கள் —" வேண்டாம். கப்பலில் ஆரம்பித்தால் கதை கப்பல்காரனுடையதாகிவிடும். பழவேற்காட்டுக் கல்லறையில் அவர்களுக்குத்தான் பெரிய பெரிய கல்லாக நட்டுவைத்திருக்கிறதே. குழம்பு வைத்தவளுக்கு ஒரு கூழாங்கல்லும் இல்லை.

தொடக்கம் இரண்டு: "பவுனம்மாள் தக்காளியை நறுக்கி —" ஐயையோ. தக்காளி ஏது அப்போது? புளிதான்.

(மிளகாய்? வந்துவிட்டது என்கிறார் ஒருவர், வரவில்லை என்கிறார் இன்னொருவர். வம்பே வேண்டாமென்று நான் மிளகு போட்டுவிட்டேன். காரம் போதாது என்றால் உங்கள் இலையில் மட்டும் கிள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.)

(அந்தக் காலத்துக் குப்பத்தில் எப்படிப் பேசினார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. இன்றைக்குப் பேசுகிறபடியே பேசவிட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ள அவர்களில் யாரும் மிச்சமில்லை.)

தொடக்கம் மூன்று: "கடை மூடியிருந்தது."

இது தேவலை.

3

கடை மூடியிருந்தது. அங்கமுத்து ஓலைத்தட்டியைத் தள்ளிப் பார்த்தான். உள்ளேயிருந்து கட்டியிருந்தது.

கோட்டை அகழிக்கும் மீனவர் குப்பத்துக்கும் நடுவில் பந்தல் போட்ட சோற்றுக்கடை அது. பெண்டாட்டி இல்லாதவன், ஊர் விட்டு வந்தவன், கப்பலுக்குத் துணிமூட்டை சுமக்கிறவன், துணிக்குச் சாயம் போடுகிறவன் எல்லாருக்கும் புருஷனை இழந்த பவுனம்மாளின் கைச்சோறுதான். கோட்டைச் சிப்பாய் ஒருத்தன்கூட வருவான். மிளகுக் காரத்தில் பொலபொலவென்று அழுவான். அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கையைக் காட்டுவான்.

அங்கமுத்து பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிறவன். பெண்டாட்டி காய்ச்சலில் போய்ப் பல வருஷமாகிறது. கஞ்சி காய்ச்சச் சொன்னால் சட்டியைக் காய்ச்சி வைப்பான்.

ஏரியில் மீன் அதிகம் விழுகிற இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு அவனுக்கு. அதற்குப் பாடு என்று பெயர். குப்பத்து ஜனம் எதற்கு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளும், பாடு என்றால் மட்டும் வாயைப் பொத்திக்கொள்ளும். பவுனம்மாள் கடையிலும் அதே கதை. சட்டிக்கு ஒரே ஒரு கொடுவா மீன்தலைதான் விழும். அதற்கு ஆரம்பத்தில் மண்டை உடைகிற சண்டை நடந்தது. அவள் கரண்டியைத் தூக்கிக் காட்டி, "தலைக்கும் பாடு வெச்சிட்டேன். அவனவன் நாள் வர்ற வரைக்கும் வாலைத் துன்னுட்டுப் போங்கடா" என்றாள். அன்றிலிருந்து தலைக்கும் பாடு.

அன்றைக்கு அங்கமுத்துவின் பாடு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்திருந்தான்.

"பவுனம்மா! இன்னிக்கு எம் பாடு!"

தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கடை இல்ல. இனிமேட்டுக்கும் இல்ல."

"இன்னாது?"

"அடுப்புல வெந்தது போதும்னு சொல்றேன். ஆரம்பாக்கத்துல எந் தம்பி வூட்டுக்குப் போறேன். அமாவாசை கழிஞ்சிடுச்சி, நாளைக்குத் தோணி வருது."

"அப்ப எந் தலை?"

"உந் தலை உங் கழுத்து மேலதான் கீது. தொட்டுப் பாரு."

4

இந்த இடத்தில் எனக்கு அங்கமுத்து மேல் சந்தேகம் வந்துவிட்டது. மீசை வைத்த ஆம்பளை, ஒரு மீன்தலைக்காக மூடின கடை வாசலில் நின்று மல்லுக்கட்டுவானா? எழுதினவரைக்கும் கஸ்தூரியிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, "இந்த ஆளுக்கு நெஜமாவே தலைதான் வேணுமா?" என்று கேட்டாள்.

எழுதினவனுக்கே தெரியவில்லை என்று சொன்னால் மானம் போகும். கதைக்குள் திரும்பிப் போய் அவனையே கேட்டேன்.

"தலைதான்" என்றான், வலையில் ஒட்டின பாசியைப் பிய்த்துக்கொண்டே. என் மூஞ்சியைப் பார்க்கவில்லை.

பார்க்காதபோதே பிடிபட்டுவிட்டான். பாடு இல்லாத நாளிலும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாக எழுந்துபோகிறவன் அவன். வலையில் விழுந்ததில் நல்ல இறாலாகப் பொறுக்கி அவள் கடையின் கொல்லைப்பக்கம் கொண்டுபோய், "விக்காம நின்னுடுச்சி, வெச்சிக்கோ" என்று வீசிவிட்டுப் போவான். விற்காமல் நிற்குமா இறால், பழவேற்காட்டில்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அவனுக்கு அவள் மேல் ஆசை. தினமும் அவள் குரலைக் கேட்க அவனுக்கு இருந்த ஒரே சாக்கு அந்தக் கடை. அவள் ஏரியைத் தாண்டிப் போய்விட்டால், எதைச் சொல்லிக்கொண்டு அவன் ஆரம்பாக்கத்துக்குப் போவான்? வயிறு பசித்தது என்றா?

வாய் திறந்து சொல்லத் தெரியாதவன் செய்வதைத்தான் அவனும் செய்தான். பஞ்சாயத்தைக் கூட்டினான்.

5

மறுநாள் காலை அம்மன் கோயில் வாசலில் கூடினார்கள். குப்பத்துத் தலைவரான நாட்டார் பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார்.

"பாடுன்னா பாடுதான். வந்த பாட்டைக் குடுக்காம ஒருத்தர் கெளம்பிப் போலாம்னு ஆயிட்டா, நாளைக்கு ஏரி இன்னா ஆவும்? பவுனம்மா, தோணி ஏர்றதுக்கு முன்ன அங்கமுத்துக்குத் தலை குடுத்துட்டுப் போ."

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. நியாயத்துக்காக ஆட்டினதாக நினைக்காதீர்கள். ஒரு தலைக்காக அடுப்பு மூட்டினால் சட்டி நிறையக் குழம்பு இருக்கும் அல்லவா? நாட்டாரே எச்சில் விழுங்கினதை நான் பார்த்தேன்.

பவுனம்மாள் விறுவிறுவென்று கடைக்குப் போனாள். ஓலைக்கொட்டானில் ஒரு பெரிய கொடுவாத்தலையைக் கொண்டுவந்து அங்கமுத்து கையில் வைத்தாள். பச்சைத்தலை. செவுளில் ரத்தம் காயவில்லை.

"இன்னா இது?" என்றார் நாட்டார்.

"ஏரியில பாடு வந்தா எடந்தானே குடுக்குறீங்கோ? மீனையும் புடிச்சி மடியில கட்டியா வுடுறீங்கோ? நான் தலை குடுத்துட்டேன். ஆக்கித் துன்றது அவுரு பாடு."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அவள் சிரிக்கவில்லை.

"இத்தினி வருசமா எல்லாத்துக்கும் பாடு வெச்சனே. இவளுக்கும் ஒரு நாளு தலை குடுப்போம்னு ஒருத்தன் வாயிலேர்ந்து வந்துச்சா? நீங்கல்லாம் துன்னு எழுந்தப்புறம் ஆறிப்போன சோத்துல சட்டிய வழிச்சித் துன்னவ நானு. சூடா ஒரு வா துன்னதில்ல. அதான் போறேன். தம்பி பொண்டாட்டி ஆக்கிப் போடுவா."

(இந்தப் பேச்சை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. 'பவுனம்மாள் அழுதாள்' என்றுதான் குறிப்பு எழுதியிருந்தேன். அவள் அழ மாட்டேன் என்றுவிட்டாள்.)

6

அன்று மத்தியானமே அங்கமுத்து வீட்டில் புகை கிளம்பியது. வீடு பற்றிக்கொண்டதென்று பக்கத்து வீட்டுக்காரர்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். அவன் சமைத்துக்கொண்டிருந்தான். கண் இரண்டும் ஒல்லாந்துச் சிப்பாய் கண் மாதிரி சிவந்திருந்தது.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு, நாட்டாரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு, பவுனம்மாள் வாசலில் போய் நின்றான். உடம்புக்கு முடியாதவன் தன் பாடு தனக்கு வேண்டாமென்று வேறொருத்தருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஏரியில் உள்ள வழக்கம்தான் அது.

"எம் பாடு உனக்குத் தந்தேன்" என்றான். "தலை என் வூட்ல கீது. சூடா கீது. வந்து துன்னு."

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

ஏனென்று சொல்கிறேன். இந்த ஜனத்தில் பெண் பார்க்கப் போனால், பேச்சு முடிகிறவரைக்கும் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார்கள். சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அங்கமுத்து இத்தனை வருஷம் அவள் சோற்றில் கை நனைத்தான், நிஜம்தான். ஆனால் கடைச்சோறு கணக்கில் வராது. அவன் வீடு கடை இல்லையே! புருஷனை இழந்தவள் இன்னொருத்தனைக் கட்டிக்கொள்வது குப்பத்தில் புதிதும் இல்லை. இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சாட்சிக்கு நாட்டாரைக் கூட்டிவந்தான். அவளுக்குத் தெரியாதா? பெண் பார்க்க வருகிற வீடுகளுக்கெல்லாம் சோறு ஆக்கிக் கொடுத்துவிட்டு, கை நனைக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறவளே அவள்தான்.

தோணிக்குக் கட்டி வைத்திருந்த மூட்டையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கி நடந்தாள்.

7

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

முதலாவதில், அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்து, "இப்படி ஆக்கித் துன்னா செத்துப் பூடுவீங்கடா" என்று எழுந்துபோய்க் கடையைத் திறக்கிறாள். கஸ்தூரிக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எனக்கும் நாக்கு ஊறுகிறது. ஆனால் 'வெந்தது போதும்' என்று சொன்னவளை மறுபடி அடுப்பில் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவதில் மேளம் கொட்டுகிறது. கோட்டையிலிருந்து சிப்பாய்கூட மொய்யோடு வருகிறான். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாவதில் தோணி போகிறது, அவளும் போகிறாள். கழுவின சட்டி அவன் வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறது. மூடின கடை மூடினதுதான் என்று பொன்னேரி செல்போன் கடையே சொல்கிறது. நிஜத்துக்குக் கிட்டத்தில் இருப்பதும் இதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்:

அவள் இலை முன்னால் உட்கார்ந்தாள். நின்று பரிமாறித்தான் அவளுக்குப் பழக்கம், இலைக்கு முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். "ஒக்காரு" என்றான். சோற்றைப் போட்டான், தலையை எடுத்து வைத்தான், குழம்பை ஊற்றினான். ஆவி பறந்தது. வெளியே குப்பம் மொத்தமும் வலை பின்னுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தது. கரையில் தோணிக்காரன் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"இன்னாய்யா இது, கொழம்பா ஏரித் தண்ணியா?"

"சூடா கீது" என்றான். பெருமையாகச் சொல்ல அவனிடம் அது ஒன்றுதான் இருந்தது.

"உப்பு போட்டியா?"

"தெரில."

"துன்னு பாக்கல?"

"உம் பாடாச்சே" என்றான் அங்கமுத்து. "நான் எப்பிடித் தொடுவேன்?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முந்தின நாள் கடை மூடினதிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வலது கையை இலைக்கு மேலே கொண்டுபோனாள்.

நான் பேனாவை இங்கே வைத்துவிட்டேன். கை இலையில் இறங்குகிறதா, அவள் தோணிக்கு எழுகிறாளா என்பது உங்கள் பாடு. யோசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. ஆயுசு முழுக்க ஆறினதையே தின்றவள் அவள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.