பல் டாக்டரின் தட்டு

மருமகளுக்கு வேலை கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த அதே ரத்தப் பரிசோதனைக் கூடம். காலை நேரம் மட்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமியார் சரி என்றால் வீடே சரி என்ற மாதிரி.

மாமியாரும் முக்கால்வாசி இறங்கி வந்திருந்தார். கெடுத்தவன் பல் டாக்டர். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்காக வெளியூரிலிருந்து வந்து, மாடி அறையில் தங்கி, இவர்களோடு சாப்பிடுகிறவன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். அதோடு விட்டானா? அடிப்பிடித்த சட்டியையும் மருமகள் கையிலிருந்து பிடுங்கித் தேய்த்தான்.

"பல்லைத் தேய்க்கச் சொல்றவன் பாத்திரத்தைத் தேய்க்கிறானே!" என்று மாமனார் சிரித்தார்.

மாமியார் சிரிக்கவில்லை. "வந்த ஆம்பளைய அடுப்படியில நிக்க வச்சிட்டா. இவ வேலைக்கு வேற போனா, நாளைக்கு என் புள்ள கையில துடைப்பத்தைக் குடுப்பா."

மருமகள் அவனைத் தனியாகப் பிடித்துக் கெஞ்சினாள். "தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தட்டை அப்படியே வச்சிட்டு எந்திரிங்க."

"அம்மா படுத்த படுக்கையானதுலேருந்து நானும் அப்பாவும்தானேக்கா எல்லாம் பண்றோம். இதுல என்ன இருக்கு?"

அவனுக்கு ஒன்றுமில்லைதான்.

ஞாயிறு மதியம் அவன் தட்டோடு எழுந்தான். மாமியாரின் பார்வையும் கூடவே எழுந்து சமையலறை வரைக்கும் போனது. மாமியார் வாய் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்.

"டாக்டரே, அப்படியே ஒரு புடவையும் கட்டிக்குங்க, எடுப்பா இருக்கும்! உங்கப்பாவும் கட்டிக்குவாரோ? பாவம் உங்கம்மா. ரெண்டு பேரையும் பாக்கச் சகிக்காமத்தான் படுத்துட்டாங்க போல!"

சாப்பாட்டு மேசையே அதிர்ந்தது. அவள் கணவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "அப்படிப் போடு!" என்றார் மாமியார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மருமகளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

பல் டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு மாடியேறினான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தான். அக்கா என்று கூப்பிடவில்லை. "தண்ணி" என்றான், யாரையும் பார்க்காமல். மருமகள் ஓடிப்போய் ஊற்றினாள். மாமியாருக்கு வாயெல்லாம் பல். இதைவிட நல்ல நேரம் வராது.

"அத்தை, அந்த வேலைக்கு வரேன்னு நாளைக்குச் சொல்லிடட்டுமா?"

"நல்லாச் சொன்ன போ! டாக்டர் தம்பி இப்பத்தான் ஆம்பளையா லட்சணமா உக்காந்து சாப்பிடுறாரு. காலையில நீ கிளம்பிப் போயிட்டா, அவர் தட்டை யாரு எடுக்கிறது?"

மருமகள் அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும்.

அவன் நிதானமாக மென்று விழுங்கினான். பிறகு தட்டை விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளினான்.