மூன்று ஊர்க் கோடி

டிரங்குப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நாகவல்லி ஒரு நல்ல சேலை தேடினாள். நல்லது என்றால் கலரானது. அண்ணியின் பெட்டியில் இருந்ததெல்லாம் வெள்ளை. டாக்டர் வேலைக்கு வெள்ளைதான் தோது என்று அக்கம்மாள் பன்னிரண்டு வருஷமாக வெள்ளையே கட்டினாள். புருஷன் குத்துக்கல்லாக இருக்கும்போது வெள்ளை கட்டலாமா என்று கேட்டுக் கேட்டு ஊருக்குத்தான் வாய் வலித்தது.

இன்று விடியும்போது அக்கம்மாள் போய்விட்டாள். கம்மாய்க்கரைக் குடிசைகளில் விஷக்காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கப் போனவள், அந்தக் காய்ச்சலையே வாங்கிக்கொண்டு வந்து படுத்தாள். குடிசைக்காரர்கள் எழுந்து நடமாடுகிறார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. முப்பத்தேழு வயது சாகிற வயதா? நாகவல்லிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

பெட்டியின் அடியில் கடைசியாக ஒரு கண்டாங்கி அகப்பட்டது. சிவப்பில் கறுப்புக் கட்டம். உதறிப் பார்த்தால் கீழ்க்கரை ஒரு சாண் உள்பக்கமாக மடித்துக் கெட்டித் தையல் போட்டிருந்தது. கட்டினால் கணுக்காலுக்கு மேலே நிற்கும். அண்ணிக்கு எதற்கு இந்த அரைச் சேலை என்று யோசித்தவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. இதுதான் அந்தச் சேலை. ஓட்டச் சேலை.

பட்டணத்தில் காலேஜில் படிக்கும்போது அக்கம்மாளும் இன்னும் மூன்று பெண்களுமாக ஓர் ஓட்டப் பந்தயத்தில் ஓடினார்கள். ஒருத்தி ஓடி வந்து கையில் இருக்கிற கட்டையை அடுத்தவளிடம் கொடுக்க, அவள் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். மற்ற காலேஜ் பெண்கள் வழுக்குகிற மெல்லிசுச் சேலை கட்டி வந்து தடுக்கி விழுந்தார்கள். அக்கம்மாள் மட்டும் காரைக்குடியிலிருந்து நாலு கண்டாங்கி தருவித்து, கரையை மடித்துத் தைத்து, நாலு பேருக்கும் கட்டிவிட்டாள். கண்டாங்கி வழுக்குமா? ஜெயித்தார்கள். பத்திரிகையில் போட்டோ வந்தது.

வந்ததுதான் வினை. ரங்கூனில் கடை ஏஜெண்டாக இருந்த அவள் அப்பா அதைப் பார்த்தார். படிக்க அனுப்பின மகள் கெண்டைக்கால் தெரிய வெள்ளைக்காரர் முன்னால் ஓடுகிறாள். தலை முழுகிவிட்டேன் என்று சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ரங்கூன் ஆற்றில் இறங்கி நிஜமாகவே முழுக்குப் போட்டதாகக் கேள்வி. வீம்பு அப்படி. அக்கம்மாளை அதற்குப் பிறகு படிக்கவைத்தது பாதிரிமார் கொடுத்த உதவிப் பணம்தான். கல்யாணத்துக்கும் பிறந்த வீட்டிலிருந்து ஒரு குஞ்சு வரவில்லை.

அந்த வீம்புதான் இப்போது வாசலில் வந்து நின்றது.

பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அந்தப் புதுச் சேலை உடம்பில் விழுந்த பிறகுதான் தூக்குவார்கள். அது வராத பிணத்துக்குக் கொட்டுமேளம் கிடையாது. காலையிலேயே சொந்தக்காரன் முத்துவீரன் சைக்கிளில் நாட்டரசன்கோட்டைக்குப் போனான். அந்தக் கிழவர் ரங்கூனிலிருந்து திரும்பி வந்து அங்கேதான் இருக்கிறார். உள்ளே இருந்தபடியே சேதியைக் கேட்டாராம். கதவைச் சாத்தச் சொன்னாராம்.

"பொழுது சாயுறவரைக்கும் பாப்போம். வரலைன்னா கொட்டு இல்லாமத் தூக்கிற வேண்டியதுதான்" என்றார் பஞ்சாயத்துப் பேசும் ஊர் அம்பலம் பெத்தன்.

பெத்தன் கெட்டவர் இல்லை. முறை என்றால் முறை, அவ்வளவுதான். அடுத்தவன் கொல்லையில் ஆடு மேய்ந்ததற்குத் தன் சொந்த மகனுக்கே அபராதம் போட்டவர். நாகவல்லி தன் சேலையில் ஒன்றைக் கோடியாகப் போடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். புருஷன் வீட்டுக் கோடி வேறு, பிறந்த வீட்டுக் கோடி வேறு என்று தலையை ஆட்டிவிட்டார். அண்ணன் சோணைமுத்து தூணோடு தூணாக உட்கார்ந்திருந்தான். அவனிடம் எதைக் கேட்பது?

தெரு கொள்ளாமல் பெண்கள் நின்றார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ நடந்து வந்தவர்கள். இடுப்பில் இருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அக்கம்மாள் கையில் விழுந்தவை. இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், நாதியத்த பிணமாப் போச்சே என்று எவளோ ஒருத்தி முணுமுணுத்தது நாகவல்லி காதில் விழுந்தது. அக்கம்மாள் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். நாகவல்லிக்குச் சிரிக்க முடியவில்லை. கொட்டில்லாமல் அண்ணியை அனுப்ப அவளுக்கு மனசில்லை.

வெயில் இறங்குகிற நேரத்துக்குத் தெருக்கோடியில் ஒரு ஜட்கா வந்து நின்றது. மூன்று பெண்கள் இறங்கினார்கள். மூவரும் சிவப்பில் கறுப்புக் கட்டம் போட்ட கண்டாங்கி கட்டியிருந்தார்கள். ஆளுக்கொரு தட்டு, தட்டில் ஆளுக்கொரு புதுச் சேலை. எட்டிப் போட்டு நடந்து வந்தார்கள், அண்ணி நடக்கிற மாதிரியே. அக்கம்மாளுக்கு இத்தனை தங்கச்சியா என்று ஒரு கிழவி வாய்விட்டுக் கேட்டாள்.

அக்கம்மாளுக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தியும் கிடையாது. அது நாகவல்லிக்குத் தெரியும். அவள் பார்த்தது சேலைகளின் கீழ்க்கரையை. மூன்றிலும் கீழே ஒரு சாண் அகலத்துக்குச் சாயம் போகாமல் புதுசாக இருந்தது. ஒரு காலத்தில் மடித்துத் தைத்துப் பிறகு பிரித்துவிட்ட இடம்.

கோடி கொண்டுவருகிறவர்களை வீட்டுப் பெண் எதிர்கொண்டு கூட்டி வர வேண்டும். கூட்டி வராவிட்டால் அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு சேர்த்திதான். நாகவல்லி உள்ளே ஓடினாள். கட்டியிருந்ததை அவிழ்த்துப் போட்டுவிட்டு அண்ணியின் கண்டாங்கியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கெண்டைக்கால் தெரிந்தது. தெரியட்டும் என்று தெருவில் இறங்கி நடந்தாள்.

அவளைப் பார்த்ததும் மூவரும் நின்றுவிட்டார்கள். முன்னால் வந்தவள் கண்ணாடி போட்டிருந்தாள்.

"நாகுவா?" என்று கேட்டாள்.

அண்ணி தன்னைப் பற்றி இவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் நாகவல்லிக்கு அப்போதுதான் உடைந்தது. முறைப்படி கட்டிக்கொண்டு அழ வேண்டிய இடம் அது. முறைக்காக யாரும் அழவில்லை.

வாசலில் பெத்தன் எழுந்து நின்றார். வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தார். நாகவல்லியின் காலையும் பார்த்தார்.

"எந்த ஊரும்மா? எந்த முறையில கோடி கொண்டாந்திருக்கீக?"

கண்ணாடிக்காரி மறைக்காமல் சொன்னாள். அவள் பெயர் ஞானதீபம், கிறிஸ்து வேதக்காரி, மதுரையில் பெண்கள் ஹைஸ்கூலுக்குத் தலைமை ஆசிரியை. பக்கத்தில் நிற்பவள் குஞ்சம்மாள், திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர். அடுத்தவள் அஜீஸா, தஞ்சாவூர்ப் பக்கம் பெண் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இன்ஸ்பெக்டர். அவள் ஜிப்பா போட்ட ஹெட்மாஸ்டர்களையே நடுங்க வைக்கிறவள் என்று குஞ்சம்மாள் இடையில் சேர்த்தாள். அக்கம்மாளோடு சேர்ந்து ஓடியவர்கள் இவர்கள்தான். வருஷா வருஷம் காலேஜுக்குப் போய் நாலு பேரும் ஒருமுறை ஓடிவிட்டு வருவார்களாம். இந்தச் சனிக்கிழமை அங்கே நாலு பேரையும் மேடையேற்றி மாலை போடுவதாக இருந்ததாம். அதற்காகத்தான் மூவரும் இந்தச் சேலைகளோடு திருச்சியில் குஞ்சம்மாள் வீட்டில் கூடியிருந்தார்கள். காய்ச்சல் என்று தந்தி கிடைத்து நேரே இங்கே வந்தார்கள். ரயிலடியில் இறங்கியதும் ஜட்காக்காரன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், சாத்திய கதவு உட்பட. வழியில் கடைத்தெருவிலேயே தட்டும் மூன்று புதுக் கண்டாங்கியும் வாங்கிக்கொண்டார்கள்.

"கூடப் பொறந்தவுகளா?" என்றார் பெத்தன்.

"இல்லைங்க. அவ ஓடியாந்து எங்க கையில குடுப்பா. நாங்க வாங்கிக்கிட்டு ஓடுவோம். அதுக்கு உங்க ஊர்ல என்ன முறைன்னு நீங்களே சொல்லுங்க."

கொட்டுக்காரர்கள் பெத்தனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதர் முறை தவற மாட்டாரே.

"பெரியப்பா" என்றாள் நாகவல்லி. "வீட்டுப் பொம்பளை நான் எதிர்கொண்டு கூட்டியாந்துட்டேன். எதிர்கொண்டு கூட்டியாந்த கோடியத் திருப்பி அனுப்புறது எந்த ஊரு முறை?"

பெத்தன் அவளை நிமிர்ந்து பார்த்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு ஞானதீபத்தைப் பார்த்து மதுரையா என்று கேட்டார். அவள் ஆமென்றாள். திருச்சிராப்பள்ளி? குஞ்சம்மாள் தலையசைத்தாள். தஞ்சாவூர்? அஜீஸாவும் தலையசைத்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கொட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"ஒரு பொறந்த வீட்டுக்கு ஒரு தடவை கொட்டுறது வழக்கம். இங்க மூணு ஊர்லருந்து வந்திருக்கு. அதனால மூணு தடவை கொட்டணும். ஒண்ணு கொறைஞ்சாலும் அபராதம்."

கொட்டு எழுந்தது. கூரை ஓட்டில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. தூணோடு இருந்த சோணைமுத்து எழுந்து வந்து கைகூப்பினான். முதல் கோடியை ஞானதீபம் போர்த்தினாள், இரண்டாவதைக் குஞ்சம்மாள், மூன்றாவதை அஜீஸா. இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வெள்ளையே கட்டின டாக்டரம்மா சிவப்பும் கறுப்புமாகக் கிடந்தாள், கல்யாணப் பெண் மாதிரி. இந்த ஊரில் எத்தனை பெரிய வீட்டு ஆச்சிகள் போயிருக்கிறார்கள், எவளுக்கு மூன்று பிறந்த வீடு வந்தது? நாகவல்லிக்கு அழுகையோடு பெருமையும் பொங்கிக்கொண்டு வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

முச்சந்தி வரைக்கும் பெண்கள் கூடப் போனார்கள். அதற்கு மேல் ஆண்கள் கொண்டு போனார்கள். கொட்டுச் சத்தம் கம்மாய்க்கரையைத் தாண்டிக் கேட்காமல் போகும் வரை ஒருத்தியும் திரும்பவில்லை.

கிணற்றடியில் நாலு பேரும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, உடுத்தியிருந்ததை அலசிக் கொல்லையில் காயப்போட்டார்கள். குஞ்சம்மாள் முடியைத் துவட்டிக்கொண்டே நாகவல்லியின் காலைப் பார்த்தாள்.

"நாகு, நீ ஓடுவியா?"

"ஆடு விரட்டியிருக்கேன்" என்றாள் நாகவல்லி.

அஜீஸா அவளைப் பார்த்துவிட்டு மற்ற இருவரையும் பார்த்தாள். அடுத்த வருஷம் என்று மட்டும் சொன்னாள்.

கயிற்றில் நாலு கண்டாங்கியும் வரிசையாகத் தொங்கின. மூன்று ஒரே நீளம், நாலாவது ஒரு சாண் குட்டை. தையலைப் பிரித்துவிடட்டுமா என்று ஞானதீபம் கேட்டாள்.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள் நாகவல்லி. கம்மாய்ப் பக்கமிருந்து காற்று வந்தது. குட்டைச் சேலைதான் முதலில் எழும்பியது.