தடித்த கண்ணாடி பல்ப்

கல்முனைக் கடையில் வெளிச்சம் பாய்ச்சும் அந்த இரண்டு பிளட் லைற் பல்புகளையும் வாங்கிவந்தவன் நான்தான். கடைக்காரர் மேசையில் வைத்துக் காட்டினார்.

"இது மெல்லிசு, கூரைக்குக் கீழ போடுற. சூட்டோட ஒரு சொட்டு மழை பட்டா வெடிக்கும். மற்றது தடிச்ச கண்ணாடி. வெளிய போடலாம்."

அரிசி மில்லில் எஞ்சின் பார்ப்பவன் நான். கரண்ட் வேலையும் என் தலையில்தான். ஆனால் எது எங்கே என்று முடிவுசெய்தவர் முதலாளி மீராமுகைதீன் ஹாஜியார்.

"தடிச்சத உள்ளுக்குப் போடு, அபூசாலி. மிசினுக்கு மேல வெடிச்சா ஆருடா பதில் சொல்ற?"

"வெளிய மழை பட்டா, ஹாஜியார்?"

"மாசியில எங்கடா மழை? வெளிய பொம்பிளயள் நெல்லுத்தானே கூட்டுற."

போட்டேன். வேலை போனால் என் வீட்டில் உலை வைக்க முடியாது.

மில்லுக்கு வெளியே நெல் காயும் களத்தின் சுவர் புதிது. பழையது சூறாவளியில், இங்கே நெல் கூட்டிய ஸம்ஸியாவின் மேல் விழுந்தது. நெல்லை மூட ஓடியவள் அவள். இடது காலை இழுத்து நடப்பாள். கல்லைப் புரட்டி அவள் மையத்தை, உயிரில்லாத உடலை, எடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த இடத்துக்கு நேர் மேலேதான் மெல்லிய பல்பை மாட்டினேன்.

முதல் நாள் பொழுதுபட்டதும் சுவிச்சைப் போட்டேன். அவித்துக் காயவைத்த நெல்லை ஆறு பெண்கள் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் சுபைறா. புதிதாக வந்தவளுக்கு எப்போதும் ஓரம்தான்.

"காக்கா, நிழல எண்ணுங்க" என்றாள், என்னை அண்ணன் முறைவைத்து.

எண்ணினேன். ஏழு. சுவரடியில் கிடந்த ஒன்றுக்கு ஆள் இல்லை. அது அசைந்தது. இடது காலை இழுத்தது.

"பல்பில தூசி இரிக்கும்" என்றேன்.

"தூசி நொண்டுமா காக்கா?"

அன்றிலிருந்து சுவரடி நெல்லை அவள் தொடவில்லை. நான்காம் நாள் ஹாஜியார் அதைக் கண்டுவிட்டார்.

"நாளைக்கும் அந்த நெல்லு கிடந்தா நீ வேலைக்கு வராத."

அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருசன் இல்லை. அவர் போனதும் என்னிடம் வந்தாள்.

"பல்ப மாத்துங்க காக்கா. சுவரடியில இரிக்கிறவக்கு அது பிடிக்கல்ல."

"ஹாஜியாரக் கேட்டுட்டு மாத்துறன்."

கேட்கவில்லை. பயம்.

மறுநாள் மஃரிப் பாங்கு முடிந்த கையோடு கடல் பக்கம் வானம் மழைக்குக் கறுத்தது. ஹாஜியார் களத்தில் வந்து நின்றார். சுபைறா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவரடிக்குள் போனாள். நிழல் அவள் நிழலோடு ஒட்டிக்கொண்டது. முதல் தூறல் விழுந்தது. சுபைறா பின்னால் தூக்கி எறியப்பட்டதுபோல் வந்து நெல்லில் மல்லாக்க விழுந்தாள்.

"எழும்பு! நாடகமா ஆடுற?" என்று ஹாஜியார் கத்தினார்.

"தள்ளுறா" என்றாள் சுபைறா.

மேலே பல்ப் வெடித்தது.

பெற்றோமக்ஸ் கொண்டுவந்து பார்த்தோம். அவள் நின்ற இடத்தில் கண்ணாடி கத்திபோலக் குத்தி நின்றது. சுற்றிலும் நெல்லில் இரத்தம், காயாத ஈரத்தோடு. ஆறு பேரின் காலையும் கையையும் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. ஹாஜியார் நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவி அள்ளுங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. நான் யாரையும் கேட்காமல் உள்ளே போய்த் தடித்த பல்பைச் சாக்கால் பிடித்துக் கழற்றினேன். அவர் தடுக்கவில்லை. மழை விட்டதும் அதை வெளியே மாட்டினேன்.

அடுத்த நாள் நிழல்களை எண்ணினேன். ஆறு. மனம் ஆறியது. ஆனால் சுவரடியில் ஒரு பாயளவு நெல்லைச் சுபைறா விட்டிருந்தாள்.

"இனி என்ன? சரியான பல்ப்தானே?"

"நான் கேட்ட அண்டைக்கே போட்டிருக்கணும் காக்கா. கீழ பாருங்க."

கூட்டாத நெல்லில் ஒரு கால் இழுபட்ட கோடு. சுவரடியில் தொடங்கிய அது மெதுவாக, நெல்லை விலக்கி விலக்கி, என் பக்கம் நீண்டுகொண்டிருந்தது.