மாமாவின் வாடகை

“அங்க ரொம்பக் குளிருமா, மச்சான்?”

“குளிரும். ஆடி மாசத்துல பொழுது விடிஞ்சாலும் எழுந்திரிக்க மனசு வராது.”

“அப்பத் தனியா எப்படித்தான் கெடக்கிறீங்க?”

“ரெண்டு கம்பளி இருக்கு.”

“கம்பளி பேசுமா?” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்குத் தானே வெட்கப்பட்டு இக்ராமின் மனைவி அசீசா முகத்தை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து உள்ளிருந்தே குரல் வந்தது. “வாப்பாகிட்டக் கேளுங்களேன். என்னையும் கூட்டிட்டுப் போங்க.”

“கேக்கிறேன்.”

“போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க.”

“இந்தத் தடவை கட்டாயம் கேக்கிறேன், புள்ள.”

கேட்கவில்லை. அன்று மத்தியானம் மாமனார் சரிபுதீனோடு ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டபோது, நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை இக்ராம் சோற்றோடு சேர்த்து விழுங்கினான். மறுநாள் தனுஷ்கோடிக்கு ரயில் ஏறினான். அதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கொழும்புக்கு அப்பால் மலைநாட்டில், நோர்வூட் கடைவீதியில் மழை விடாமல் பெய்கிற நாள்களில், துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பேச்சு அவன் காதில் கேட்கும்.

காயல்பட்டினத்தில் பெண்களைப் புருஷன் ஊருக்கு அனுப்புகிற பழக்கம் கிடையாது. பெண்ணுக்கு வீடு கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து போவார். மாமாவே முப்பது வருஷம் இதே நோர்வூட்டில், இதே துணிக்கடையில், மாமியை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர். வெளியிலிருந்து வந்தவர்களை அந்நியராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு, இனி இங்கே நமக்கு என்ன இருக்கிறது என்று ஊரோடு போய்விட்டார். இக்ராமின் வாப்பா இந்த நாட்டுப் பிரஜையாகப் பதிந்து வைத்திருந்ததால் இக்ராமுக்கு அந்தத் தொல்லை இல்லை. வியாபாரத்தை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்த மாமா, கட்டடத்தை மட்டும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார். அதற்கு இக்ராம் மாதாமாதம் அனுப்பும் வாடகையில்தான் காயலில் அந்த வீடு ஓடியது. அசீசாவும் அதில்தான் சாப்பிட்டாள்.

“மொதலாளி, ஒங்க சம்சாரம் எப்பத்தான் வருவாங்க?” என்று தேயிலைத் தோட்டத்து அழகம்மா கடைக்கு வரும்போதெல்லாம் கேட்பாள். கொழுந்தெடுக்கும் பெண்கள் நாலு பேரை இழுத்துக்கொண்டுதான் வருவாள். “மகளுக்குப் பேறுகாலம். என்னென்ன துணி வேணும்னு ஒரு ஆம்பளைகிட்ட எப்படிங்க சொல்றது?”

“வருவாங்க, வருவாங்க.”

“இதைத்தான் மூத்தவ பேறுகாலத்துக்கும் சொன்னீங்க. அந்தப் புள்ள இப்ப பள்ளிக்கொடம் போகுதுங்க!”

பெண்கள் சிரித்தார்கள். இக்ராமும் சிரித்தான். சிரித்துவிட்டு, அளக்கவேண்டிய சீத்தைத் துணியை இரண்டு முறை தப்பாக அளந்தான்.

புதிய வரிச் சட்டம் வந்த சமயம் அது. பக்கத்து ஊரான ஹட்டனில் கடைக்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் லாபிர் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். “தம்பி, இந்த நாட்டுல இல்லாத ஆளுக்கு வாடகை அனுப்புறதா இருந்தா, அனுப்புற நீதான் வரியைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பணும். பிடிச்சதை வரிக் கந்தோர்ல கட்டிப்புட்டு, கட்டினதுக்கு ஒரு சான்றிதழ் மாமாவுக்குப் போட்டுவிடு. விஷயம் அவ்வளவுதான்.”

“மாமா காசுல நானா கை வைக்கிறது?”

“நீ எங்க கை வைக்கிற? சட்டம் வைக்குது.”

“ஒருவேளை பிடிக்காம விட்டா?”

“உன் தலையிலதான் விழும். அபராதத்தோட.”

இக்ராம் தலையாட்டிவிட்டு வந்தான். ஆனால் மாமாவுக்கு இதை எப்படி எழுதுவது? அந்தக் குடும்பத்தில் மாமனும் மருமகனும் காசைப் பற்றி வாய்திறந்து பேசிக்கொண்டதே இல்லை. வாடகை பாங்கி வழியாகப் போகும். கடிதத்தில் மழையும் மாமியின் முழங்கால் வலியும் மட்டும்தான் இருக்கும். மாப்பிள்ளைக்கு முட்டைமேல் முட்டையாக அவித்து வைத்து, தட்டு காலியாவதற்குள் மறுபடியும் வைக்கிற வீடு அது. அந்த வீட்டுக்கு, “உங்கள் வாடகையில் இவ்வளவு குறைத்துக்கொண்டேன்” என்று ஒரு மாப்பிள்ளை எப்படி எழுதுவான்? பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று முழு வாடகையையே அனுப்பினான். அடுத்த மாதமும் அப்படியே அனுப்பினான். அதற்கு அடுத்த மாதமும்.

வருஷம் முடிந்ததும் வரிக் கந்தோரிலிருந்து கட்டளை வந்தது. பிடிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவனே கட்டவேண்டும். லாபிர் தலையிலடித்துக்கொண்டார்.

“கொழுந்து நிறுக்கிறவன்கூட கூடையோட எடையைக் கழிச்சுட்டுத்தான்டா எழுதுறான்! மாமனாருக்கு ஒரு கடுதாசி எழுத வெட்கப்பட்டு இப்படி மாட்டிக்கிட்டியே?”

“எழுதிடுறேன், லாபிர் நானா.”

“என்னத்த எழுதுவே? உன் முழியைப் பார்த்தாலே தெரியுது.”

தீபாவளிச் சரக்குக்குக் கொழும்பில் முன்பணம் கட்டியிருந்த நேரம். கையில் வேறு காசு இல்லை. அதனால் பிடிக்கவேண்டிய எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அடுத்த இரண்டு மாத வாடகையில் பிடித்துக்கொண்டு, பாதிக்கும் குறைவாக அனுப்பினான். இந்தத் தடவையாவது விவரத்தை எழுதவேண்டும் என்று உட்கார்ந்தான். ‘அன்புள்ள மாமா அவர்களுக்கு’ என்ற இடத்திலேயே பேனா நின்றது. கடைசியில், இங்கே நல்ல மழை, எல்லாரும் சுகம் என்று எழுதி ஒட்டிவிட்டான்.

ஊரிலிருந்து பதில் வரவில்லை. மாமாவே வந்துவிட்டார்.

அழகம்மாவுக்குப் போர்வை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது ஹட்டன் பஸ் வந்து நின்றது. நனைந்த தொப்பியும் கையில் ஒரு தகரப் பெட்டியுமாக அதிலிருந்து மாமா இறங்குவதைப் பார்த்ததும் இக்ராமுக்கு உள்ளங்கால் வரை சில்லிட்டது. அறுபத்தைந்து வயதில், விசாவுக்கு அலைந்து, கப்பல் ஏறி, ரயில் மாறி வந்திருக்கிறார். வருவதாக ஒரு வார்த்தை எழுதவில்லை.

“வாங்க மாமா, வாங்க.” அவசரத்தில் போர்வைக் கட்டு சரிந்து அழகம்மாவின் காலில் விழுந்தது.

“பழைய மொதலாளிங்களா!” என்று அழகம்மா வாயெல்லாம் பல்லாக நின்றாள். “எளைச்சுப் போயிட்டீங்களே. அம்மாவக் கூட்டிட்டு வரலீங்களா?”

“நல்லாருக்கியா, அழகம்மா?” என்று மாமா கேட்டார். கேட்டாரே தவிர, கண் அலுமாரிகளில் ஓடியது. தட்டுகள் நிறைந்திருந்தன. படியில் இன்னும் மூன்று பேர் துணி பார்க்கக் காத்திருந்தார்கள். மாமாவின் நெற்றி சுருங்கியதை இக்ராம் பார்த்தான். பார்க்காததுபோல் குனிந்து போர்வைகளை அடுக்கினான்.

மத்தியானம் கடையை மூடிவிட்டுப் பின்னறையில் சோறு பரிமாறினான். அவன் வைத்த பருப்பு கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. மாமா அதையும் பிசைந்து சாப்பிட்டார். மாமி கொடுத்தனுப்பிய தம்மடையை எடுத்துத் துண்டுபோட்டு, பெரிய துண்டை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தி வைத்தார். இக்ராம் அந்தப் பணியாரத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். குறைத்து அனுப்பிய வாடகையிலிருந்தல்லவா இதற்கும் மாவும் முட்டையும் வாங்கியிருப்பார்கள்!

“மாப்பிள்ளை,” என்று மாமா ஆரம்பித்தார். “வியாபாரம்னா ஏற்றமும் இருக்கும், இறக்கமும் இருக்கும். நானும் பார்த்தவன்தான். கடன்ல சரக்கு எடுத்து அலுமாரியை ரொப்பி வச்சுக்கிட்டு, உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்த காலம் எனக்கும் உண்டு. நீங்க வெளிய சொல்லமாட்டீங்க. சொல்லவும் வேணாம்.”

“மாமா, அப்படி ஒண்ணும்…”

“நான் சொல்லி முடிச்சுடுறேன். வர்ற வழியில ஹட்டன்ல இறங்கி ஒரு ஆளைப் பார்த்தேன். இந்தக் கட்டடத்துக்கு நல்ல விலை தர்றேங்கிறார். வித்துடுவோம். உங்க கடனை அடைச்சுட்டு நீங்க என்கூட ஊருக்கு வந்துடுங்க. அசீசா வீடு இருக்கு. பஜார்ல சின்னதா ஒண்ணு வச்சுத் தர்றேன். யாரும் ஒரு சொல் கேக்கமாட்டாங்க. நான் கேக்க விடமாட்டேன்.”

இக்ராமுக்குக் காது இரண்டும் எரிந்தன. மாமா கோபித்திருந்தால் தாங்கியிருப்பான். இந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை. அவன் ஒரு கடிதம் எழுதாததற்காக இவர் தன் முப்பது வருஷ உழைப்பை விற்க விலை பேசிவிட்டு வந்திருக்கிறார். இப்போதும் பேசாமல் இருந்தால், கடையும் போகும். அசீசாவுக்குக் கொடுத்த வாக்கும் அதோடு போகும்.

“எனக்குக் கடன் இல்ல, மாமா.” கையிலிருந்த பருக்கைகள் காய்ந்துகொண்டிருந்தன. “வியாபாரம் நல்லாத்தான் நடக்குது. புதுச் சட்டம் வந்திருக்கு. வெளிநாட்டுல இருக்கிறவங்க வாடகையில நான்தான் வரியைப் பிடிச்சுக் கட்டணும். உங்க காசுல பிடிக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. வருஷம் முழுக்கப் பிடிக்கல. அப்புறம் கந்தோர்க்காரங்க நெருக்கினதும் மொத்தமாப் பிடிச்சுட்டேன். அதையாவது உங்களுக்கு எழுதியிருக்கணும். கட்டின ரசீதெல்லாம் இருக்கு. எடுத்துட்டு வர்றேன்.”

“உக்காருங்க. ரசீது கெடக்கட்டும்.”

மாமா எழுந்து பின்பக்கம் போனார். தகரக் கூரையில் மழை இரைந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“சட்டம் கேட்ட காசுதானா இது! ரெண்டு எழுத்து எழுதிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே, மாப்பிள்ளை. வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? உங்க மாமி, மாப்பிள்ளை மலைநாட்டுல இன்னொரு குடும்பம் வச்சிருக்கிறாரோ என்னவோன்னு கேட்டுட்டா. அசீசா பக்கத்துல இருக்கிறதைக்கூடப் பார்க்கல.”

இக்ராம் நிமிர்ந்தான். “அசீசா என்ன சொன்னா?”

“சோத்தைத் தள்ளி வச்சுட்டு எழுந்து போயிட்டா. அன்னையிலேருந்து கடுதாசிக்காரர் தெருவுக்குள்ள வந்தாலும் வாசப் பக்கம் வர்றதில்ல.”

இக்ராமுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து அவன் விழுங்கிய ஒவ்வொரு வார்த்தைக்கும் அங்கே ஒருத்தி தலைகுனிந்து கொண்டிருந்திருக்கிறாள். மாமாவிடம் வாய்திறக்கப் பட்ட வெட்கமெல்லாம், அவளை நினைத்தபோது வந்த வெட்கத்துக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

“கட்டடத்தை விக்கவேணாம், மாமா,” என்றான். “நான் ஊருக்கு வர்றதும் வேணாம். இன்னொண்ணையும் இத்தனை வருஷமா உங்ககிட்டச் சொல்லாம வச்சிருக்கேன். நம்ம ஊருல யாரும் கேக்காததுதான். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.”

“சொல்லுங்க.”

“அசீசாவ என்கூட அனுப்பி வைங்க, மாமா.”